இடது கால் பூட்ஸ்

பூட்ஸக்காவின் உடம்பில் இருக்கிற தழும்புகளுக்குப் பேர் உண்டு. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போவது நெட்டை. மேல்வரிசையில் பல் இல்லாத சந்து மொட்டை. வலது காது கேட்காது, அது இரட்டையர்கள். யாராவது அந்தப் பக்கம் நின்று பேசினால், "இந்தப் பக்கமா வா. அந்தக் காதை இரட்டையருக்குக் குடுத்துட்டேன்" என்பாள்.

நெட்டையும் மொட்டையும் இரட்டையரும் எங்கள் சமுதாயக் கல்லூரியில் வெல்டிங் படிக்க வந்து, முதல் வருஷமே நின்றுபோய், அக்கா போய்க் கூப்பிட்டதால் திரும்பி வந்தவர்கள். அவர்கள் அடிக்கவில்லை. கூப்பிடப் போன வீட்டில் அப்பனோ அண்ணனோ மாமனோ அடித்தது. திரும்பி வராத பிள்ளைகளின் வீட்டிலும் அடி விழுந்திருக்கிறது. அந்தத் தழும்புக்கு மட்டும் அக்கா பேர் வைப்பதில்லை.

அவள் ஆசிரியை கிடையாது. பட்டறை ஸ்டோர்க்காரி. கம்பிவலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் நின்று, காலையில் பிள்ளைகளுக்குப் பூட்ஸும் கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக் கொடுப்பாள். வேலை முடிந்ததும் வாங்கி அடுக்குவாள். நான் அந்தப் பட்டறையைக் கூட்டுகிறவள். துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கடவுளிடம் வேண்டி நிற்பது என் வழக்கம். அக்கா அதைப் பார்த்து, "எனக்கும் சேர்த்துக் கேட்டுக்கோ. நான் நேரில போய்க் கேட்டா அவரும் அடிச்சாலும் அடிப்பார்" என்பாள்.

முதல் வருஷம் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய கண்டம். வெல்டிங் என்றதும் நெருப்புப் பூப் பூவாகப் பறக்கும் என்று நினைத்து வருவார்கள். இங்கே வந்தால் ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, அரத்தால் ராவு என்பார் மாஸ்டர். ராவிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும், உடையும், மறுபடி கொப்பளிக்கும். வீட்டில் "சம்பாதிக்கற வயசுல என்னடா படிப்பு" என்று ஒரு பக்கம் இடிப்பார்கள். எரிச்சலில் பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒருத்தன் அரத்தின் கூர்முனையை இன்னொருத்தன் உள்ளங்கையில் இறக்கிவிட்டான். அந்த ரத்தத்தை நான்தான் மரத்தூள் போட்டுக் கூட்டினேன். மறுநாள் குத்தினவனும் வரவில்லை, குத்துப்பட்டவனும் வரவில்லை. அக்கா இரண்டு வீட்டுக்கும் போனாள்.

கூப்பிடப் போவது அவள் வேலை அல்ல. அது தொடங்கினது பிள்ளைகளுக்காகவும் அல்ல, பூட்ஸுக்காக. முன்பெல்லாம் பிள்ளைகள் பூட்ஸை வீட்டுக்கே போட்டுக்கொண்டு போவார்கள். நின்றுபோனால் பூட்ஸும் போச்சு. பெரிய சார் (கல்லூரி முதல்வரை அப்படித்தான் சொல்லுவோம்) ஸ்டோர்க்காரியைத்தான் பிடித்து உலுக்குவார். அதனால் அக்கா நெட்டையின் வீட்டுக்குப் பூட்ஸ் கேட்டுப் போனாள். அவன் தேடியதில் ஒரு கால் பூட்ஸ்தான் கிடைத்தது; அதை வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணைத் தேடி எடுத்துட்டு படிப்புக்கு வந்து சேரு" என்று திட்டிவிட்டுத் திரும்பினாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அவன் அப்பன், படிப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும், கையில் இருந்த கதவுப் பூட்டை விட்டெறிந்தான். புருவம் பிளந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு நாளில் நெட்டை மிச்ச பூட்ஸோடு ஜன்னலுக்கு வந்து நின்றான். உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அக்கா நெற்றிக் கட்டோடு ஜோடியைச் சேர்த்து அவன் முன்னாலேயே வைத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காலை உள்ளே விட்டு, கயிறு கட்டி, போய் அவன் இடத்தில் நின்று ராவ ஆரம்பித்தான்.

அதிலிருந்து அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பூட்ஸ் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பிள்ளை நின்றுபோனால் அக்காவே அந்தப் பிள்ளையின் இடது கால் பூட்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். புத்திமதி எதுவும் சொல்ல மாட்டாள். பிள்ளையின் கையில் கொடுத்து, "உன்னோடது. வெச்சுக்கோ. வலது கால் அங்க இருக்கு" என்பாள். வந்துவிடுவாள். ஒற்றைப் பூட்ஸ் எதற்கும் உதவாது. போடவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. வீட்டு மூலையில் அது கிடக்கிற கிடையே பிள்ளையை நச்சரிக்கும்.

"ஏன்க்கா எப்பவும் இடது?" என்று கேட்டேன்.

"வலது இங்க இருந்தாத்தானே வலது காலை எடுத்து வெச்சு உள்ள வரும்" என்றாள்.

வராத பிள்ளைகளின் வலது கால் பூட்ஸ்கள் ஸ்டோரின் மேல்தட்டில் வரிசையாக நின்றன. பெரிய சார் பார்க்கும்போதெல்லாம், "இந்த நொண்டிப் படையைத் தூக்கிக் குப்பையில போடும்மா" என்பார். அக்கா இரட்டையர் காதைக் காட்டி, கேட்காதது மாதிரி நிற்பாள்.

அந்த வருஷம் அஞ்சாம் நம்பர் பூட்ஸ் இரண்டு பேருக்குத்தான் தேவைப்பட்டது. அதுதான் இருப்பதிலேயே சின்னது. ஒரு ஜோடி சுண்டெலிக்கு. கறிக்கடைக்காரர் மகன், ஆள் அத்தனை சின்னவன். இன்னொரு ஜோடி தையக்காரிக்கு.

தையக்காரி கல்யாணமான பெண். புருஷன் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற லோடுமேன். ஆம்பளைகளோடு நின்று இரும்பு ஒட்டுகிறேன் என்றால் கொன்றுபோடுவான் என்று பயந்து, தையல் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். நெருப்புப்பொறி பட்டுத் துணியில் ஓட்டை விழுந்தால், "இஸ்திரிப் பெட்டி பட்டுடுச்சு" என்பாள். பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "தையக்காரி, எனக்கு ரெண்டு தண்டவாளத்தைச் சேர்த்து ஒரு சட்டை தைச்சுக் குடேன்" என்று கேலி செய்வார்கள். "உன் வாயைத் தைச்சுத் தர்றேன், வா" என்பாள். அஞ்சாம் நம்பரும் அவள் காலுக்குப் பெரியது. புருஷனின் பழைய கட்டம்போட்ட சட்டையைக் கிழித்து, பூட்ஸ் முனையில் அடைத்துப் போட்டுக்கொள்வாள். முதலாண்டில் அவள் இழுக்கிற வெல்டிங் கோடு மாதிரி யாரும் இழுத்ததில்லை. மாஸ்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அவரிடம் அதுதான் பாராட்டு.

முதலில் நின்றது சுண்டெலி. வகுப்பு காலை, மத்தியானம் என்று இரண்டு பிரிவு; அவன் காலைப் பிரிவு. கறிக்கடையில் கூட்டம் காலையில்தான். அக்கா இடது பூட்ஸைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கறிக்கடைக்காரர் வெட்டுக்கத்தியின் மட்டைப் பக்கத்தால் அவள் தோளில் ஒரு போடு போட்டார். "என் தொழில் உனக்குக் கேவலமா? அடுத்த தடவை திருப்பிப் பிடிப்பேன்." அக்காவால் கொஞ்ச நாள் கையை மேல்தட்டுக்குத் தூக்க முடியவில்லை. சுண்டெலி வரவும் இல்லை. அந்தத் தோளுக்குப் பேர் வைக்காமல் விட்டாள்.

பிறகு தையக்காரி நின்றாள். ஒருநாள் முகமூடி இல்லாமல் வெல்டிங் ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாள். கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி வீட்டில் கிடந்தாள். சோறு கருகியது. லோடுமேன் தட்டை அவள் முகத்திலேயே வீசினான். "தையலும் வேணாம், மையலும் வேணாம். வீட்டுல கிட." அவள் கிடந்தாள். முதலாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். மறுபடி சேர வழியில்லை. அக்காவுக்கு அதுதான் நெஞ்சில் முள். "இந்த ஒருத்தி பேரு போச்சுன்னா நான் இந்த ஜன்னலைச் சாத்திட்டுப் போயிடுவேன்" என்றாள்.

இடது பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அன்றைக்கு மழை. வீடு திறந்திருந்தது, ஆள் இல்லை; தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அக்கா எப்போதும் பிள்ளையின் கையில்தான் கொடுப்பாள். அன்றைக்கு மட்டும் நனைந்துகொண்டு நிற்க முடியாமல், கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள்.

தையக்காரிக்கு முன்னால் லோடுமேன் வந்தான்.

அதன் பிறகு நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். அவள் குடத்தோடு உள்ளே நுழைந்தபோது அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மடியில் பூட்ஸ். கனத்த, கறுத்த, முனையில் இரும்புத் தகடு வைத்த ஆம்பளைப் பூட்ஸ்.

"எவன் வந்தான்?"

"யாரும் வரலையே."

"ஒத்தைக் காலோட ஓடினானா? அவ்வளவு அவசரமா?"

அவள் உண்மையைச் சொன்னாள். அது என் பூட்ஸ், நான் தையல் படிக்கவில்லை, வெல்டிங் படிக்கிறேன் என்றாள். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து, பூட்ஸின் கழுத்தைப் பிடித்து, இரும்பு முனையால் அவள் வாயில் அடித்தான். கன்னம் பல் வரை கிழிந்தது. விழுந்தவளை விலாவில் அடித்தான், முதுகில் அடித்தான். குடத்துத் தண்ணீர் தரையெல்லாம் சிவப்பாக ஓடியது. பூட்ஸுக்குள்ளிருந்து அவன் சட்டைத் துணியே வெளியே வந்து அந்தத் தண்ணீரில் மிதந்தது. அதை அவன் பார்க்கவில்லை. "வெல்டிங்காம். பொம்பளை. பொய் சொல்றதையாவது பொருத்தமா சொல்லுடி" என்றான். அவளை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, மூட்டை இழுக்கிற கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்ஸோடு கிளம்பினான். எந்த இடம் என்று அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பூட்ஸின் நாக்குத் தோலிலேயே கல்லூரி முத்திரை இருந்தது.

பட்டறையில் வேலை மும்முரமாக இருந்தது. நான் தூள் கூட்டிக்கொண்டிருந்தேன். அவன் நடுவில் வந்து நின்று பூட்ஸைத் தூக்கிக் காட்டினான்.

"இது எவன் காலு?"

க்ரைண்டர் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் நின்றது. பையன்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள். எல்லார் காலிலும் அதே பூட்ஸ்தான். அவன் முன்னால் இருந்தவனின் முடியைப் பிடித்துக் கீழே தள்ளி, அவன் காலோடு பூட்ஸை வைத்துப் பார்த்தான். சேரவில்லை. காலால் எட்டித் தள்ளினான். அடுத்தவன். அதுவும் சேரவில்லை. மூன்றாவது பையன் திமிறினான். லோடுமேன் அவன் தலையை மேஜை விளிம்பில் மோதினான். மாஸ்டர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"நீதானா வாத்தி?" என்று கேட்டு, கொக்கியை அவர் தோளில் இறக்கினான். மூட்டையை இழுப்பது மாதிரி இழுத்தான். மாஸ்டர் முழங்காலில் விழுந்தார்.

அக்கா ஸ்டோரிலிருந்து வெளியே வந்தாள். கையில் தையக்காரியின் வலது கால் பூட்ஸ்.

"தம்பி, அது உன் பொண்டாட்டி காலு. இதோ ஜோடி. உள்ளே கையை விட்டுப் பாரு, உன் சட்டைத் துணிதான் இருக்கும். வெச்சுட்டு வந்தது நான்தான்."

அவன் பார்க்கவில்லை. ஆனால் நம்பினான். அவன் முகம் மாறியதை நான் கண்ணால் கண்டேன். ஒருத்தன் வந்துபோனான் என்பதைவிட அது அவனுக்கு மோசமாகப் பட்டது போல. "அப்போ இத்தனை நாளா இங்கதான் வந்தாளா? இவனுங்களோட?" என்றான். பூட்ஸை ஓங்கினான். அக்கா இடது கையைக் குறுக்கே வைத்தாள். எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி எனக்குக் கேட்டது. மறுபடி ஓங்கினான்.

அப்போதுதான் வாசலில் தையக்காரி. ஜன்னல் கம்பியை நெம்பிக்கொண்டு வந்திருக்கிறாள். கன்னம் திறந்து தொங்குகிறது. கழுத்து, மார்பு எல்லாம் ரத்தம். "அக்காவை விடு" என்றாள். வாய் கிழிந்திருந்ததால் அது வார்த்தை மாதிரியே வரவில்லை. அவன் அக்காவை விட்டுவிட்டுக் கொக்கியோடு அவளிடம் போனான்.

போய்ச் சேரவில்லை. முதலாண்டில் படிக்கிற நெட்டையின் தம்பி ஒரு கம்பியால் முழங்காலுக்குப் பின்னால் அடித்தான். லோடுமேன் குப்புற விழுந்தான். கொக்கி உருண்டு போனது. பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது. மொத்த முதலாண்டும் அவன் மேல் பாய்ந்தது. இரும்பு முனை வைத்த பூட்ஸ்கள். வருஷம் முழுக்க ராவின கோபம், வீட்டில் வாங்கின அடி, எல்லாம் அந்த முனையில் இருந்தது. விலாவில் உதைத்தார்கள், முகத்தில் உதைத்தார்கள். ஒருத்தன் அழுதுகொண்டே உதைத்தான். லோடுமேன் கையால் தலையை மூடினான், விரல்மேல் மிதித்தார்கள். உடம்பு துள்ளுவது நின்றது. அவர்கள் நிறுத்தவில்லை.

நான் துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். படைச்சவனே, யாரையாவது அனுப்பு என்று கேட்டேன். அவர் அனுப்பினது ஏற்கெனவே கை உடைந்திருந்த ஆளை.

கண் திறந்தபோது அக்கா லோடுமேன் மேல் படுத்துக்கிடந்தாள். இரண்டு மூன்று உதை அவள் முதுகில் விழுந்த பிறகுதான் கால்கள் நின்றன.

"கொன்னுட்டு எங்கடா போவீங்க?" என்றாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. "ஜெயில்ல பட்டறை இருக்காடா? ஜெயில் வாசல்ல ஒவ்வொருத்தன் பூட்ஸையும் தூக்கிட்டு நான் நிக்கணுமா? எனக்கு ஒரு கைதான்டா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அழுதுகொண்டே உதைத்தவன் மட்டும் உட்கார்ந்துவிட்டான்.

போலீஸ் வந்தது. லோடுமேனுக்கு உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் போட்டு, அங்கிருந்து உள்ளே தள்ளினார்கள். உதைத்தவன் யார் என்று விசாரித்தார்கள். சிக்கினவன் பேரை எல்லாம் அடித்துவிடுவதாகப் பெரிய சார் குதித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அக்காவைக் கேட்டார்கள்.

"கடைசியா உதை விழுந்தது என் முதுகுல சார். எனக்கு முதுகுல கண்ணு இல்லை. நான் யார் மேலயும் புகார் குடுக்கல."

என்னையும் கேட்டார்கள். கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். அது முழு உண்மை. போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல நேரம் பார்த்துக் கூப்பிட்டீங்க" என்றார். அடித்த இடது கால் பூட்ஸை மட்டும் சாட்சிப் பொருள் என்று கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிள்ளைகள் பேர் தப்பியது. ஆனால் அக்கா வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு பானை. நான் கஞ்சி வைத்துக்கொண்டு போனால் இரண்டு வாய்க்கு மேல் குடிக்க மாட்டாள்.

"நான் வெச்ச பூட்ஸாலதானே அவ வாய் கிழிஞ்சது?"

"அடிச்சவன் கை யாருதுக்கா?"

"எடுத்துக் குடுத்தது யாரு? இனிமே அந்த ஜன்னல் பக்கம் வரமாட்டேன். சாவியைக் கொண்டுபோய்ப் பெரிய சார்கிட்ட குடுத்துடு."

நான் சாவியை வாங்கவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்றேன். "அவருக்கும் ஒரு நாள் கை உடையும்" என்றாள்.

இந்த நேரத்தில் தையக்காரி வந்தாள். சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். கன்னத்தில் வாயோரத்திலிருந்து காது வரை தையல், கறுப்பு நூல் முள்ளு முள்ளாக நின்றது. கையில் அவளுடைய வலது கால் பூட்ஸ். அதைக் கட்டிலடியில், அக்காவின் முகத்துக்கு நேராக வைத்தாள்.

"திங்கக்கிழமை பரீட்சை. பூட்ஸ் இல்லாதவங்களை உள்ள விட மாட்டேன்னு பெரிய சார் சொல்றார். இதுக்கு இடது வேணும்."

"ஸ்டோர்ல மேல்தட்டுல தேடு."

"தேடினேன். அங்க இருக்கறது எல்லாம் வலது. நீங்க வெச்ச வழக்கம்தானே."

அக்கா பூட்ஸைத் திருப்பி அடியில் இருந்த நம்பரைப் பார்த்தாள். அஞ்சாம் நம்பர் இடது, போலீஸ் எடுத்துப்போனதை விட்டால், ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். அக்காவின் கை தானாகத் தோளைத் தொட்டது.

"அந்தக் கறிக்கடைக்காரன்கிட்டயா? என்னால முடியாது."

"நீங்க வாசல் வரைக்கும் வாங்க. நான் கேக்கறேன்."

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். கறிக்கடைக்கு எதிர்ச்சாரியில் அக்காவின் கால் நின்றுவிட்டது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். தையக்காரி தெருவைத் தாண்டினாள். கடையில் உரித்த ஆடுகள் கொக்கியில் தொங்கின. அந்தக் கொக்கிகளைப் பார்த்ததும் அவளும் ஒரு கணம் நின்றாள். பிறகு குனிந்து அவற்றுக்கு அடியில் புகுந்தாள்.

கறிக்கடைக்காரர் தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா வேணும்?"

"இடது காலு."

"ஆட்டுக்கு நாலு இருக்கு. முன்னங்காலா, பின்னங்காலா?"

"பூட்ஸ்ண்ணே. உங்க பையனோட இடது கால் பூட்ஸ்."

கத்தி கட்டையில் இறங்கி நின்றது. அவர் தெருவுக்கு எதிரே பார்த்தார். "அந்தப் பொம்பளை இன்னும் சாகலையா?"

"சாகத்தான் பார்த்தாங்க. நாங்க விடல."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கிட்டே வந்து, ரத்தக் கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு, தையலைத் தொடாமல் உற்றுப் பார்த்தார். "யாரு?"

"வீட்டுக்காரர்."

"எதால?"

"இதோட ஜோடியால." வலது பூட்ஸை நீட்டினாள்.

அவர் அதன் முனையைக் கத்தி மட்டையால் தட்டிப் பார்த்தார். டங்கென்றது. "தையல் போட்டவன் தோலை இழுத்துப் பிடிக்கல. வாய் கோணிக்கும்."

"கோணட்டும். வாயாலயா வெல்டிங் வைக்கறேன்."

அவர் உள்ளே திரும்பி, "டேய், அந்தச் சனியனை எடுத்துட்டு வந்து இவகிட்ட குடு" என்றார்.

சுண்டெலி வந்தான். பூட்ஸை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தான். பளபளவென்று இருந்தது, தோல் வெடிக்காமல் இருக்க ஆட்டுக் கொழுப்பைத் தடவித் துடைத்து வைத்திருக்கிறான்.

"குடுடா."

"மாட்டேன்."

அறை விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் பூட்ஸ்மேல் சொட்டியது. அதைப் புறங்கையால் துடைத்தானே தவிர, பூட்ஸை விடவில்லை. இரண்டாவது அறை விழுந்து கடைச் சுவரில் மோதினான். அப்போதும் விடவில்லை. "இதைக் குடுத்தா நான் போகவே முடியாதுப்பா" என்றான். கறிக்கடைக்காரர் மூன்றாவதற்குக் கையை ஓங்கினார். இந்தத் தடவை ஓங்கின கையில் கத்தி இருந்தது.

என் கைப்பிடியில் அக்கா இல்லை. எப்போது தெருவைத் தாண்டினாள் என்று நான் பார்க்கவில்லை. அவருக்கும் பையனுக்கும் நடுவில், மாவுக்கட்டுப் போட்ட கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கை ஏற்கெனவே உடைஞ்சிருக்கு. போடறதுன்னா இதுலயே போடு. புதுசா ஒண்ணை உடைக்காத."

கத்தி மேலேயே நின்றது. தொங்கின ஆட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது.

"காலையில கடையை யாரு பார்ப்பா?" என்று கத்தினார் அவர். "நான் ஒருத்தன் வெட்டுவேனா, நிறுப்பேனா, கட்டிக் குடுப்பேனா? உனக்கென்ன, பூட்ஸைக் குடுத்துட்டுப் போயிடுவ."

இத்தனை நாளில் அந்தப் பேச்சு அங்கே வந்ததே இல்லை. அதற்கு முன்னாலேயே கத்தி வந்துவிடும். தையக்காரி சொன்னாள்: "இருக்கறது ஒரு ஜோடி. காலைப் பிரிவுக்கு நான் போட்டுக்கறேன். மத்தியானப் பிரிவுக்கு இவன் வந்து போட்டுக்கட்டும். காலையில கடையில இருக்கட்டும்."

அவர் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். கத்தியை ஓங்கி வெட்டினார். கட்டையில் கிடந்த தொடை இரண்டாகப் பிளந்தது.

"மத்தியானம் போய்த் தொலையட்டும். கடையைக் கழுவிட்டுத்தான் போகணும்."

மாஸ்டர் ஒரு தோளைக் கட்டிக்கொண்டு வந்து பிரிவை மாற்றி எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் அக்கா ஜன்னலைத் திறந்தாள். ஒற்றைக் கையால் கொடுத்ததால் வரிசை தெரு வரை நின்றது. திட்டு வாங்காத பிள்ளை இல்லை. தையக்காரி கொழுப்பு வாசம் அடிக்கிற இடது பூட்ஸையும் தன்னுடைய வலது பூட்ஸையும் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். முகமூடியின் பட்டி தையலில் உரசி ரத்தம் கசிந்தது. கோடு மட்டும் கோணவில்லை. மத்தியானம் சுண்டெலி ஈரக்காலோடு ஓடிவந்தான். பூட்ஸுக்குள் இருந்த கட்டம்போட்ட துணியை எடுத்து மடித்து, ஜன்னலில் வைத்துவிட்டுப் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் நான் தூளைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, அக்கா ஸ்டோருக்குள் நின்று தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"இந்தப் பக்கம் சுண்டெலி, அந்தப் பக்கம் தையக்காரி" என்றாள், தோளையும் மாவுக்கட்டையும் காட்டி. "எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறதுன்னுதான் தெரியல."

பிறகு மேல்தட்டைப் பார்த்தாள். அங்கே இன்னும் வலது பூட்ஸ்கள் நின்றுகொண்டிருந்தன. "நாளைக்கு அந்த ஓரத்துல இருக்கறவன் வீட்டுக்குப் போகணும். நீயும் வா. அவன் மாமன் நாய் வளர்க்கறான்."